கீஸரா, கிணறா?

பால்காரர் ஊற்றும் பாலில் தண்ணீர் எத்தனை பங்கு என்பது நமக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. துவரம் பருப்பை முறத்தில் போட்டால் ஒரு சின்னக் கல்கூட நம் கண்ணுக்குத் தப்பாது. ஆனால், தினமும் காலையில் மேலே ஊற்றிக்கொள்கிறோமே வெந்நீர், அது என்ன நிறம் என்று என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

"வெந்நீருக்கு ஏது நிறம்?" என்கிறீர்களா? அதுதான் சங்கதி. நிறமே இருக்கக் கூடாத ஒரு பொருளுக்கு நிறம் வந்துவிட்டால், அது ஏதோ சேதி சொல்ல வருகிறது என்று அர்த்தம். அந்தச் சேதியைப் படிக்கத் தெரிந்தால் பணம் மிச்சம்; சில சமயம் மானமும் மிச்சம். படிக்கத் தெரியாவிட்டால் ஆளுக்கு ஒரு பேச்சு, தினம் ஒரு செலவு.

நம் பாட்டிமார் காலத்தில் இந்த ரகசியமெல்லாம் கிடையாது. செம்புத் தவலை இருந்தது. பிறகு நடுவில் கரி போடும் பாய்லர் வந்தது. கண் எரிந்தது, புகை சூழ்ந்தது, வாஸ்தவந்தான். ஆனால், மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கலாம். புளியைப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கலாம். இன்றைக்கு வெந்நீர் கொதிக்கும் இடம் கைக்கு எட்டாத உயரத்தில், மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அங்கே போகும் குழாயும் வரும் குழாயும் சுவருக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்பதை நமக்குச் சொல்லக் கூடிய சாட்சி, வெளியே வந்து விழும் தண்ணீர் ஒன்றுதான்.

சென்ற மார்கழியில் பத்திரிகை வேலையாக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தபோது, அப்படி ஒரு சாட்சியை விசாரிக்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. உங்கள் வீட்டுக்கும் உபயோகப்படும் என்பதால் அதை விவரமாகச் சொல்கிறேன்.

போளூரிலிருந்து பஸ் ஏறினால், வளைந்து வளைந்து மலைமேல் போய் ஜமுனாமரத்தூரில் இறக்கிவிடுவார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த சிறிய ஊர். கோலப்பன் ஏரி, பீமன் அருவி என்று பார்க்க வருகிறவர்கள் உண்டு. சாமையும் தேனும் பலாவும் விளைகிற பூமி. அதே மலைத்தொடரில்தான், 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. அங்கே இருக்கும் பெரிய தொலைநோக்கியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். சமவெளியில் உள்ள நாம் 'மார்கழிக் குளிர்' என்று வாயால்தான் சொல்கிறோம். அங்கே அது எலும்புக்குத் தெரியும். வெந்நீர் இல்லாமல் விடியற்காலையில் முகம் கழுவுவதுகூடப் பெரிய காரியம்.

என்னோடு கல்லூரியில் படித்த சிநேகிதி ஒருத்தி அங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். மலைவாழ் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் அவளுக்கு உயிர். கணவருக்கு உத்தியோகம் சமவெளியில். சனிக்கிழமைதோறும் வந்துவிட்டுப் போவார். ஆறு மாதக் கைக்குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்து தங்கியிருந்தார். இந்த ஏற்பாடு எல்லாம் குதிரைக் கொம்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் மனசு வைத்து மலை ஏறி வந்ததால்தான் அவளுடைய வேலை நிலைத்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்த அன்று அந்த ஏற்பாடே ஆட்டம் கண்டிருந்தது. காரணம், வெந்நீர்.

"வா கண்ணு. பத்திரிகையிலே வேலை செய்யற பொண்ணு நீ. நீயே பார்த்துச் சொல்லு, இது தண்ணியா, கஷாயமா?" என்று மாமியார் என்னைக் குளியலறைக்கு அழைத்துப் போனார். வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் கீஸர் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தார். டீத்தூளை இரண்டாம் முறை கொதிக்கவைத்து இறக்கியதுபோல் பழுப்பாக இருந்தது. குழந்தையின் துணிகளில் எல்லாம் மஞ்சளும் செம்மையுமாகக் கறை.

"இதிலே பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டச் சொல்றா. என்னாலே ஆகாது. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். வேலை வேணுமா, பிள்ளை வேணுமான்னு அவளே முடிவு பண்ணிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சிநேகிதி வாய் திறக்கவில்லை. கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் ஏற்கெனவே நாலு பேரிடம் யோசனை கேட்டிருந்தாள். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர், "மலைத் தண்ணி அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். குழாய் வேலை செய்கிறவர், "உள்ளே குழாய் பூராத் துருப் பிடிச்சுக் கிடக்கு. சுவரை உடைச்சு மாத்தணும்" என்றார். கீஸர் விற்ற கடைக்காரர் டெலிபோனிலேயே, "எங்க சரக்கில் கோளாறு வராது" என்று முடித்துவிட்டார். கணவரோ, "நீ எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறாய்" என்றாராம். கவலைப்படுகிறவளுக்கு இதைவிட எரிச்சலூட்டும் மருந்து உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்!

இந்த நாலு பேரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. ஒருவர்கூடத் தண்ணீரை விசாரிக்கவில்லை.

விசாரணைக்கு விஞ்ஞானப் படிப்பு வேண்டாம். நாலைந்து கண்ணாடி டம்ளர், அடியில் விரிக்க ஒரு வெள்ளைக் காகிதம், கொஞ்சம் பொறுமை. எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது, அதனால்தான் கண்ணாடி. தண்ணீரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதல் கேள்வி: வெந்நீரில் மட்டும் நிறமா, பச்சைத் தண்ணீரிலுமா? இரண்டிலும் இருந்தால் கீஸரை விட்டுவிடலாம். தண்ணீர் வருகிற வழியில்தான் கோளாறு. வெந்நீரில் மட்டும் என்றால் கீஸர்மேல் சந்தேகப்படலாம். கவனியுங்கள், சந்தேகந்தான் படலாம். தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

இரண்டாவது: ஒரு குழாயில் மட்டுமா, எல்லாக் குழாயிலுமா? ஒரே குழாய் என்றால் அந்தக் குழாயோ, அதற்குப் போகும் கிளையோ துருப்பிடித்திருக்கும்.

மூன்றாவது: திறந்தவுடன் வந்து பிறகு தெளிகிறதா, கடைசிவரை அப்படியே வருகிறதா? இரண்டு நிமிஷத்தில் தெளிந்தால், இரவெல்லாம் இரும்புக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் என்று கொள்ளலாம். தெளியவே இல்லை என்றால் மூலத்தைத் தேட வேண்டும்.

மூன்று கேள்வியும் கேட்ட பிறகு, எல்லோரும் மறந்துவிடுகிற காரியம் ஒன்று உண்டு. டம்ளர்களை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அது. தண்ணீரும் சில மனிதர்களைப் போலத்தான். வந்தவுடன் வாயைத் திறக்காது. உட்கார வைத்தால் பேசும்.

சிநேகிதி எழுதாத விடைத்தாள் ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். முதல் டம்ளரில் கீஸர் வெந்நீர். இரண்டாவதில் சமையலறைக் குழாயின் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பழுப்பு, பச்சைத் தண்ணீர் பளிங்கு. குளியலறை, சமையலறை, கொல்லை என்று எந்தக் குழாயில் பிடித்தாலும் பச்சைத் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. வெந்நீரோ எத்தனை நிமிஷம் திறந்துவிட்டாலும் தெளியவில்லை. சுவரை உடைக்கச் சொன்னாரே, அந்த யோசனை இங்கேயே அடிபட்டுப் போயிற்று. தவிரவும், விசாரித்ததில் சுவருக்குள் ஓடுவது பிளாஸ்டிக் குழாய் என்று தெரிந்தது. பிளாஸ்டிக் எந்த ஊரில் துருப்பிடிக்கிறது?

"அப்போ கீஸர்தானே? நான் சொன்னேன் பாரு" என்றார் மாமியார்.

எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால், கீஸர் தீபாவளிக்கு வாங்கியது. வந்து இரண்டு மாதந்தான் ஆகிறது. இரண்டு மாதத்தில் ஒரு தொட்டி இவ்வளவு துருப்பிடிக்குமா? அதனால் மூன்றாவது டம்ளர் ஒன்று வைத்தோம். சமையலறைப் பச்சைத் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் பிடித்து, அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் டம்ளரில் ஊற்றினோம். கீஸரின் காற்றுக்கூட அதன்மேல் படவில்லை. ஆனால், பாருங்கள், அந்தத் தண்ணீரும் மஞ்சள் பூத்துக் கலங்கியிருந்தது!

"தீபாவளிச் சமயத்தில் இந்த வீட்டில் வேறு ஏதாவது மாறியதா?" என்று கேட்டேன்.

சிநேகிதி யோசித்தாள். அப்போது தேனும் கடுக்காயும் கொண்டு வந்து கொடுக்கும் மலைக்கார அம்மாள் ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் முந்திக்கொண்டார். "ஏன் டீச்சரம்மா, ஐப்பசியிலேதானே புதுசா போர் போட்டாங்க? அதுக்கு முன்னாடி இந்தப் பின்னாலே இருக்கிற கிணத்துத் தண்ணிதானே மேலே ஏறிச்சு?"

அப்படியா சமாசாரம்! கிணறும் கீஸரும் ஒரே மாதத்தில் மாறியிருக்கின்றன. கீஸர் கண்ணுக்கு எதிரே தொங்குகிறது. போர்க் கிணறு பூமிக்குள் இருக்கிறது. ஆகவே பழி முழுவதும் கீஸர்மேல் விழுந்தது. புதிதாக வந்த மருமகள் காலடி வைத்த மாதத்தில் வீட்டில் பசுமாடு கறவை நின்றால் யார் தலையில் உருட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே, அந்தக் கதைதான்! (இதை மாமியார் முன்னால் நான் சொல்லவில்லை.)

பழைய கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்து வந்தோம். அதில் பச்சையாக ஒரு டம்ளர், கொதிக்கவைத்து ஆற்றிய ஒரு டம்ளர். இரண்டும் தெளிவு. ஆக ஐந்து டம்ளர்கள் விடைத்தாளின்மேல் வரிசையாக உட்கார்ந்தன. சாயங்காலம் விளக்கு ஏற்றும் வேளையில் போய்ப் பார்த்தால், காலையில் பளிங்காக இருந்த இரண்டாவது டம்ளர், அதாவது போர் பச்சைத் தண்ணீர், இளமஞ்சளாகி, அடியில் செம்மண் தூள்போல் ஒரு படலம் படிந்திருந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு மாற்றமும் இல்லை.

இப்போது மாமியார் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். விறுவிறுவென்று வாசலுக்குப் போய், மலைக்கார அம்மாள் கொடுத்திருந்த கடுக்காயில் இரண்டை எடுத்துக் கொட்டை நீக்கி இடித்து, ஒரு கிண்ணத்தில் ஊறவைத்தார். அந்தச் சாற்றைக் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம், போர்த் தண்ணீரில் கொஞ்சம் விட்டார். கிணற்றுத் தண்ணீர் வெறும் கடுக்காய்ச் சாயத்தோடு நின்றது. போர்த் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா கலந்த கறுப்பாக மாறிவிட்டது.

"எங்க தாத்தா கடுக்காயும் அன்னபேதியும் போட்டுத்தான் மசி காய்ச்சுவார். அன்னபேதி இல்லாமலேயே இது கறுக்குதுன்னா, தண்ணியிலேயே இரும்பு இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாஸ்தவம்! அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுத்த மை உண்டாகும். நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கறுப்பதும், சில ஊர்த் தண்ணீரில் டீ போட்டால் மங்கிக் கறுத்துப் போவதும் இதே காரணத்தால்தான். சோதனைச்சாலைக்காரர்கள் கணக்காக அளந்து சொல்வார்கள். ஆனால், 'இரும்பு இருக்கிறதா, இல்லையா' என்று தெரிந்துகொள்ள மாமியாரின் கிண்ணமே போதுமானதாக இருந்தது.

அது சரி, இரும்பு இருக்கிற தண்ணீர் குழாயில் தெளிவாக வந்து கீஸரில் மட்டும் ஏன் நிறம் மாற வேண்டும்? பூமிக்கு அடியில் ஆழத்தில் காற்றோட்டம் இல்லை. பாறையிலிருந்து கரைந்து வரும் இரும்பு, தண்ணீரில் சர்க்கரை கரைந்தாற்போல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மேலே வந்து காற்றில் உள்ள பிராண வாயுவைச் சந்தித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் துருவாக மாறும். துரு தண்ணீரில் கரையாது. பழுப்புத் தூளாகத் திரளும். குளிர்ந்த தண்ணீரில் இந்த மாற்றம் நடக்க மணிக்கணக்காகலாம். சூடு பட்டால் வேகம் பிடித்துவிடும். கொதிக்கும்போது தண்ணீரில் இருக்கும் கரியமில வாயுவும் வெளியேறி அந்த மாற்றத்துக்கு இன்னும் தோது செய்கிறது. அதனால்தான் குழாயில் ஒளிந்து வந்த இரும்பு, கீஸரில் மாட்டிக்கொண்டது. அவர்கள் வீட்டு மாடித் தொட்டியை எட்டிப் பார்த்தபோது, அடியில் காவிக் குழம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. இனி வேறு சாட்சி வேண்டாமே!

கீஸர் எப்போதுமே நிரபராதி என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கீஸர் குற்றவாளியாக இருப்பதும் உண்டு. இரும்புத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, உள்ளே மக்னீஷியத்தில் ஒரு தண்டு வைத்திருப்பார்கள். வீட்டில் ஒருத்தி தான் தேய்ந்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறாளே, அதுபோல் அந்தத் தண்டு தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றும். அது முழுவதும் கரைந்த பிறகு மாற்றாமல் விட்டால், அடுத்தபடி தொட்டிதான் அரிபடும். பச்சைத் தண்ணீரை அடுப்பில் கொதிக்கவைத்தும் தெளிவாகவே இருந்து, கீஸரில் மட்டும் பழுப்பாக வந்தால் அப்போது சொல்லுங்கள், கீஸர்தான் என்று. தண்டை மாற்றிப் பார்க்கலாம். தொட்டியே கசிந்தால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை.

மற்ற நிறங்களுக்கும் அர்த்தம் உண்டு. பால்போல் வெளுத்து வந்து, டம்ளரில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, பயப்பட வேண்டாம். வெள்ளைப் பொடி படிந்தால் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கறுப்புத் துகளாக வந்தால் மாங்கனீஸாக இருக்கலாம். அல்லது குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம் மக்கி உதிரலாம். நீலமும் பச்சையுமாகக் கறை படிந்தால் செம்பு கரைகிறது. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், கீஸருக்குள் ஒரு வகைக் கிருமி குடியேறித் தண்ணீரில் உள்ள கந்தகச் சத்தைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.

"ஏதோ கறைதானே? இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் உள்ள ஃபிளின்ட் நகரத்தின் கதையைச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வசித்த ஊர். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றி, ஃபிளின்ட் ஆற்றிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்களில் பழுப்புத் தண்ணீர் வந்தது. தாய்மார்கள் புட்டியில் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டங்களில் தூக்கிக் காட்டினார்கள். 'பயப்பட ஒன்றுமில்லை' என்றே பதில் வந்தது. 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, 'எங்கள் இரும்புச் சாமான் அரிக்கிறது' என்று அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைப் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள்!

லீ ஆன் வால்டர்ஸ் என்ற தாய் விடவில்லை. 2015 பிப்ரவரியில் அவர் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது, நூறு கோடிப் பங்கில் 104 பங்கு ஈயம் இருந்தது. அங்கே அப்போது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 15. பிறகு மார்க் எட்வர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஊர் முழுவதும் தண்ணீரைச் சோதித்தார். மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை வைத்தியர், பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை 2015 செப்டம்பரில் எடுத்துக் காட்டினார். அடுத்த மாதமே பழைய தண்ணீரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். லீ ஆன் வால்டர்ஸுக்கு 2018-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஈயத்துக்கு நிறம் கிடையாது, ருசி கிடையாது. பழுப்பு நிறம் துருவினுடையது. ஆனால், 'குழாயைத் தண்ணீர் அரிக்கிறது' என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். இரண்டாவது, வெந்நீர் பச்சைத் தண்ணீரைவிட அதிகமாக உலோகத்தைக் கரைக்கும். ஆகையால் சமையலுக்கும் குழந்தையின் கஞ்சிக்கும் கீஸர் வெந்நீரைப் பிடிக்காதீர்கள். சீக்கிரம் கொதிக்குமே என்று நம்மில் பலர் செய்கிற காரியம் இது. பச்சைத் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் காய்ச்சுங்கள். ஐந்து நிமிஷம் அதிகம் ஆகும், ஆகட்டுமே!

நல்லவேளையாக ஜமுனாமரத்தூர் விவகாரம் இரும்போடு நின்றது. ஒரு புட்டியில் தண்ணீரைப் பிடித்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். இரும்பு வரம்புக்கு மேல், ஈயம் முதலானவை வரம்புக்குள் என்று பதில் வந்தது. நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இரும்பு இருக்கலாம், 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்க ஆரம்பிக்கும். இந்த அளவு இரும்பில் குளிப்பதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஈயத்துக்கோ வரம்பு 0.01 மில்லிகிராம்தான். வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? உங்கள் ஊரிலும் இந்தச் சோதனைச்சாலைகள் இருக்கின்றன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்கள் வீதம் தண்ணீரைச் சோதிக்கப் பழக்கும் ஏற்பாடும் உண்டு. தண்ணீரைத் தினமும் கையாளுகிறவர்களிடமே சோதனைப் பெட்டியைக் கொடுத்தது நல்ல யோசனைதான்.

பரிகாரமும் சுலபமாகவே இருந்தது. போர்த் தண்ணீரை நேரே தொட்டியில் விடாமல், துளை போட்ட தட்டுகள் வழியாக மழைபோல் விழச் செய்தார்கள். காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகத் திரளும். அதைத் தேங்கவைத்து, மணலில் வடிகட்டிய பிறகே மாடித் தொட்டிக்கு ஏற்றினார்கள். தொட்டியைக் கழுவினார்கள். கீஸரின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகு, விஷயம் தெரிந்த ஆளை வைத்து அடியில் தேங்கியிருந்த காவிக் குழம்பை வடியவிட்டார்கள். (இதை நீங்களே திருகிப் பார்க்க வேண்டாம். கீஸரில் உள்ள பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதென்று அதை அடைத்துவிடவும் வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆபத்து.) துணிக் கறைக்கு எலுமிச்சம் பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டார்கள். சலவைத் தூள் போட்டு வெளுக்க நினைத்தால், இரும்புக் கறை போவதற்குப் பதில் நன்றாக ஊன்றிக்கொள்ளும்.

வீட்டுச் சொந்தக்காரரைச் சம்மதிக்க வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நானும் இல்லை, சோதனைச்சாலைக் காகிதமும் இல்லை. வாடகை வாங்க வந்தவரை மேஜைக்கு அழைத்துப் போய், ஐந்து டம்ளரையும் காட்டி, கடைசியாகக் கடுக்காய்க் கிண்ணத்தையும் நீட்டினார் மாமியார். "மலைத் தண்ணி அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்களாமே. இதோ இந்தக் கிணறும் இதே மலையிலேதானே இருக்கு?" என்று கேட்டார். மனிதர் பதில் பேசவில்லை. மறுநாளே தட்டு அடிக்க ஆள் வந்துவிட்டது.

'எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை' என்று ஒரு பெண் சொன்னால் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதே விஷயத்தை ஐந்து டம்ளரில் வரிசையாக வைத்துக் காட்டிவிட்டால், எதிரே நிற்பவருக்கு மறுக்க வழியிருப்பதில்லை. மலையிலும் சரி, ஃபிளின்ட்டிலும் சரி, முதலில் பார்த்தவள் வீட்டுக்காரிதான். பார்த்ததைச் சாட்சியாக மாற்றியதில்தான் அவள் ஜெயித்தாள்.

பொங்கலுக்கு மாமியார் ஊருக்குப் போனார். குழந்தை ஜமுனாமரத்தூரிலேயே அம்மாவோடு இருந்தது. பண்டிகை முடிந்த நாலாம் நாள் பாட்டி திரும்பவும் மலை ஏறி வந்தார் என்றும், பையில் பேரனுக்குச் சட்டையோடு, வெள்ளைக் கண்ணாடி டம்ளர் அரை டஜனும் இருந்தது என்றும் சிநேகிதி எழுதியிருக்கிறாள்.